மலிவு டிக்கெட்டும் தனி வில்லாவும்: வெளிநாட்டுக் குடும்பப் பயணத்தின் நிஜக் கணக்கு

கோலாலம்பூருக்கு ஆறாயிரம் ரூபாய் என்று செல்போனில் வந்து விழும் விளம்பரம் பொய் இல்லை. அந்த விலைக்கு நிஜமாகவே சில இருக்கைகள் இருக்கும். அந்தக் காசுக்கு எதெல்லாம் கிடைக்காது என்பதுதான் விளம்பரத்தில் இருக்காது. பாலியில் நீச்சல் குளத்தோடு நான்கு படுக்கையறை வில்லா, ஒரு இரவுக்கு இவ்வளவுதான் என்று காட்டும் படமும் அந்த ரகம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, 'ஊட்டிக்கு ஆகிற காசுல வெளிநாடே போய்வரலாம் போலிருக்கே' என்று தண்டையார்பேட்டையிலோ கொளத்தூரிலோ ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கும். கோடை விடுமுறை வருவதற்குள் யாராவது ஒருவர் டிக்கெட் போட்டும் விடுவார்.

போய்வரலாம்தான். ஆனால் பட்ஜெட் விமானமும் தனி வில்லாவும் விலையை எப்படிக் குறைக்கின்றன என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. இரண்டும் செய்வது ஒரே காரியம். பழைய விமான நிறுவனமும் ஓட்டலும் செய்துவந்த வேலைகளையும், தாங்கிவந்த நஷ்டங்களையும் பயணியின் தலையில் இறக்கிவைத்துவிட்டு, அந்த மிச்சத்தில் ஒரு பங்கை விலைக் குறைப்பாகத் தருகின்றன. அந்த வேலையைச் செய்ய ஆளும் நேரமும் உள்ள குடும்பத்துக்கு இது நல்ல பேரம். கைக்குழந்தையும் முட்டிவலிப் பாட்டியும் கூட வர, எதையும் படிக்காமல் பணம் கட்டுகிறவருக்கு இதே பேரம் கடைசியில் கூடுதல் செலவில் முடியும்.

இருக்கை மட்டும்தான் விற்பனைக்கு

முன்பெல்லாம் விமான டிக்கெட் என்றால் பெட்டி, சாப்பாடு, இருக்கை எண் எல்லாம் அதற்குள் அடக்கம். அமெரிக்காவில் 1971இல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் நிறுவனம், ஒரே வகை விமானம், தரையில் குறைந்த நேரம், சாப்பாடு கிடையாது என்று ஒரு வழி காட்டியது. ஐரோப்பாவில் ரயன்ஏர் அதை இன்னும் கறாராக்கி, இருக்கையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தனி விலை வைத்தது. நம் பக்கத்தில் அதைப் பரப்பியது மலேசியாவின் ஏர்ஏசியா. கடனில் தத்தளித்த அந்த நிறுவனத்தை 2001இல் டோனி பெர்னாண்டஸ் ஒரு ரிங்கிட் என்ற பெயரளவு விலைக்கு, கடனையும் ஏற்றுக்கொண்டு வாங்கினார்.

இந்தத் தொழிலில் விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அதனால் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஆட்களை இறக்கி, ஏற்றி, மறுபடி கிளம்பிவிடுவார்கள். சென்னையிலிருந்து தென்கிழக்காசியாவுக்குப் போகும் மலிவு விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவதும் இதனால்தான். பகலெல்லாம் உள்நாட்டுத் தடங்களில் ஓடிய விமானத்தை இரவிலும் சும்மா நிறுத்தாமல் இங்கே ஒரு நடை அனுப்புகிறார்கள். இதில் தேதிக் குழப்பம் ஒன்று இருக்கிறது. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.20 என்று இருந்தால், வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி சாயங்காலம். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்று, விமானம் நேற்றே போய்விட்டது என்று தெரிந்துகொள்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். டிக்கெட் வந்ததும் வீட்டு நாள்காட்டியில் முந்தின நாளில் வட்டம் போட்டுவிடுங்கள்.

விலை ஏன் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது என்பதற்கு வருவோம். ஒரு விமானத்தில் ஏறத்தாழ 180 இருக்கைகள் என்றால், அவை ஒரே விலைக்கு விற்பதில்லை. முதல் சில இருக்கைகள் ஒரு விலை, அடுத்த தொகுதி கொஞ்சம் கூடுதல், அதற்கடுத்தது இன்னும் கூடுதல் என்று படிப்படியாக வைத்திருப்பார்கள். கீழ்ப்படி தீர்ந்ததும் மேல்படி திறக்கும். திரும்பத் திரும்பத் தேடினால் நம்மைக் கவனித்து விலையை ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு இந்தப் படிகளைப் பார்த்து வந்ததுதான். அதைவிட உருப்படியான விஷயம் ஒன்று உண்டு. எட்டுப் பேருக்குச் சேர்த்துத் தேடும்போது, கீழ்ப்படியில் மூன்று இருக்கைதான் மீதி என்றால், பெரும்பாலான தளங்கள் எட்டுப் பேருக்குமே மேல்படி விலையைத்தான் காட்டும். அதனால் முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள், பிறகு எட்டுப் பேருக்கு. இரண்டு விலைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், மூன்று பேருக்கு ஒரு டிக்கெட்டும் ஐந்து பேருக்கு இன்னொரு டிக்கெட்டுமாகப் பிரித்துப் போடலாம். குழந்தைகளை மட்டும் அம்மா அப்பாவிடமிருந்து பிரிக்காதீர்கள். ஒரே பிஎன்ஆரில் இருந்தால் 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024இல் நம் விமான நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. பிரித்துப் போட்டால் அதைக் கேட்க முடியாது.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் எல்லாம் உதாரணத்துக்கு. போக 6,000, வர 7,500 என்றால் தலைக்கு 13,500. எட்டுப் பேருக்கு 1,08,000. கைப்பை 7 கிலோதான் சேர்த்தி. எட்டுப் பேருக்கும் பெட்டி வாங்கத் தேவையில்லை, மூன்று பெட்டி போதும் என்று வைத்து, போக வர ஒரு பெட்டிக்கு 5,000 என்றால் 15,000. சேர்ந்து உட்கார இருக்கைக்கு 400 வீதம் இரு வழிக்கும் 6,400. ஒருவேளைச் சாப்பாடு 350 வீதம் இரு வழிக்கும் 5,600. மொத்தம் 1,35,000. தலைக்கு 13,500 என்று நினைத்தது கிட்டத்தட்ட 17,000 ஆகிவிட்டது. இந்த இடத்தில் நின்று, சென்னையிலிருந்தே பறக்கும் மலேசியா ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தாய் ஏர்வேஸ், ஸ்ரீலங்கன் விலையையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். பெட்டியும் சாப்பாடும் சேர்த்து அவர்கள் கேட்பது ஆயிரம் இரண்டாயிரம்தான் அதிகம் என்றால், வயதானவர்கள் கூட வரும்போது நான் அதைத்தான் எடுப்பேன். இளவட்டங்கள் நான்கு பேர், தோளில் ஆளுக்கொரு பை என்றால் பட்ஜெட் விமானத்தை அடிக்க ஆளில்லை.

பெட்டி வேண்டும் என்றால் டிக்கெட் போடும்போதே வாங்கிவிடுவது மலிவு. கவுன்டரில் போய் வாங்குவதுதான் இருப்பதிலேயே விலை அதிகம். வீட்டில் ஒரு தொங்கு தராசு இருந்தால் அங்கே பெட்டியைத் தரையில் பிரித்துப்போட்டுப் புடவையை எடுத்து அடுத்த பைக்கு மாற்றும் வேலை இருக்காது. பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். ஊறுகாயும் நெய்யும் பெட்டிக்குள்தான் போக வேண்டும். கொப்பரைத் தேங்காய் எதிலுமே கூடாது. தானாகத் தீப்பிடிக்கும் பொருள் என்று பிடுங்கிவிடுவார்கள்.

பெயர், மாறிப்போகும் விமானம், திரும்பாத காசு

தமிழருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். சிலருக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். ரேஷன் கார்டில் இருக்கும் இனிஷியல் எங்கேயும் இருக்காது. டிக்கெட் தளமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு, அதே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்லும் நிறுவனமும் உண்டு. வேறு குறியீட்டைக் கேட்கும் நிறுவனமும் உண்டு. அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா தருவதில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறார்கள். துபாய் போகும் எண்ணம் இருந்தால், டிக்கெட்டுக்கு முன்னால் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள். அப்படியே காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான நாடுகள் ஆறு மாதம் மீதி கேட்கின்றன.

அடுத்தது, இரண்டு விமானம் மாறிப் போவது. சென்னை–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்–பாலி வேறொரு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டால் மலிவாகத் தெரியும். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகி இரண்டாவதை விட்டுவிட்டால், இரண்டாவது நிறுவனம் உங்களை வராத பயணியாகத்தான் பார்க்கும். காசும் திரும்பாது, மாற்று இடமும் தராது. நடுவில் இறங்கிக் குடியேற்றப் பரிசோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி கொடுக்க வேண்டும். கோலாலம்பூரில் பட்ஜெட் விமானங்களில் பல இரண்டாம் முனையத்தில் நிற்கும், மற்றவை ஒன்றாம் முனையத்தில். நடுவே ரயில் ஏற வேண்டும். ஏர்ஏசியா போன்ற நிறுவனங்களில் இரண்டு பயணத்தையும் ஒரே பிஎன்ஆரில் விற்கும் வசதி இருக்கிறது. பெட்டி நேராகக் கடைசி ஊருக்கே போகும். தாமதமானால் பொறுப்பு அவர்களுடையது. கொஞ்சம் அதிகம் கேட்டாலும் அதை வாங்குவதே புத்திசாலித்தனம். பாங்காக்கில் சுவர்ணபூமி, தோன் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள் உண்டு. பட்ஜெட் விமானங்களில் பல தோன் முவாங்குக்குத்தான் போகும். ஐரோப்பாவில் இன்னும் மோசம்: பாரிஸ் என்று விற்கப்படும் போவே விமான நிலையம், நகரத்திலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தள்ளி.

ரத்து செய்தால் காசு வராது என்று எழுதியிருக்கும் டிக்கெட்டிலும் கொஞ்சம் காசு உங்களுடையது. அரசு வரியும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் நீங்கள் பறக்காவிட்டால் திரும்ப வர வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. மலிவு விலை டிக்கெட்டுக்கும் இது உண்டு. இந்திய நிறுவனங்களிடம் கேட்டு வாங்கலாம். வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதியைக் காட்டுவார்கள். நடுவில் ஒரு டிக்கெட் தளம் இருந்தால் விமான நிறுவனம் அவர்களைக் கைகாட்டும், அவர்கள் விமான நிறுவனத்தைக் கைகாட்டுவார்கள். விலையை அந்தத் தளங்களில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வாங்குவதை மட்டும் விமான நிறுவனத்திடமே வாங்குங்கள்.

விமான நிறுவனமே மூடிவிட்டால்? 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. முன்கூட்டிப் பணம் கட்டியவர்கள் கடன்காரர்கள் வரிசையில் போய் நின்றார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், சேவை கிடைக்கவில்லை என்று சொல்லி, கட்டிய பணத்தைத் திரும்பப் பிடித்துத் தரும்படி வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம். ரொக்கமாகக் கட்டியவருக்கு அந்தக் கதவு இல்லை.

மண்ணடி, பாரிமுனைப் பக்கம் இருக்கும் டிராவல்ஸ் அலுவலகங்களை இந்தக் காலத்தில் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. பத்துப் பேருக்கு மேல் போனால் விமான நிறுவனங்கள் குழுக் கட்டணம் என்று தனி விலை தரும். அதை ஏஜென்ட் மூலம் வாங்குவது சுலபம். போய்க் கேட்கும்போது, "பாய், இந்த ரேட்டுல பெட்டி எத்தனை கிலோ? தேதி மாத்தினா எவ்வளவு?" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயே யாராவது, "அண்ணே, டிக்கெட் ஃப்ரீ, வரும்போது ஒரு பார்சல் மட்டும் எடுத்துட்டு வந்துடுங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பர்மா பஜார் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் குருவி வேலை புதிதில்லை. ஆனால் பெட்டியில் என்ன இருந்தாலும் சுங்கத்துறை கேட்பது பெட்டிக்காரரைத்தான்.

வில்லாவை விற்கும் படங்கள்

வில்லா என்பது ஓட்டல் அல்ல என்பதைப் படங்கள் நன்றாகவே மறைக்கும். வரவேற்பாளர் இல்லை, இரவு பன்னிரண்டு மணிக்குக் குழாய் உடைந்தால் வர ஆளில்லை, பக்கத்தில் கடை இல்லாமலும் இருக்கலாம். அதற்குப் பதிலாக எட்டுப் பேரும் ஒரே கூரையின் கீழ், கூடம், சமையலறை, குளம் எல்லாம் நமக்கே.

விலையில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டல் குறிகள். வரியும் சேவைக் கட்டணமும் இனிமேல்தான் சேரும் என்று அதற்கு அர்த்தம். பாலியில் இது பெரும்பாலும் 21 சதவீதம். ஒரு இரவு 20 லட்சம் ருபியா (இந்தோனேசியப் பணம்) என்று போட்டிருந்தால் கட்டப்போவது 24 லட்சத்து 20 ஆயிரம். தாய்லாந்தில் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்கு 7 சதவீத வரி, ஆகமொத்தம் 17.7 சதவீதம். சுத்தம் செய்யும் கட்டணம் தனியாக இருக்கலாம். அது இரவுக் கணக்கில் வராமல் ஒரே தடவை வருவதால், இரண்டு இரவு தங்குகிறவருக்குச் சுமை, ஆறு இரவு தங்குகிறவருக்குத் தெரியாது. போனதும் ரொக்கமாக வைப்புத்தொகை கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்டால், உள்ளே நுழைந்த உடனே எல்லா அறையையும் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். உடைந்த கண்ணாடிக்கும் கறைபட்ட மெத்தைக்கும் கடைசி நாளில் பதில் சொல்ல அது உதவும்.

வில்லா எப்போது லாபம் என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. கணவன் மனைவி இருவருக்கு அது பெரும்பாலும் வீண்செலவு. ஆறு பேருக்கு மேல், நான்கு இரவுக்கு மேல் தங்கி, ஒரு நாளைக்கு ஒரு வேளையாவது உள்ளே சமைத்தால்தான் கணக்கு ஒத்துவரும். நான்கு ஓட்டல் அறை 5,500 வீதம் 22,000, காலைச் சாப்பாட்டோடு. வில்லா 20,000, சாப்பாடு இல்லாமல். இந்த இரண்டாயிரம் மிச்சம் எட்டுப் பேர் ஒரு நாள் வெளியே காலை டிபன் சாப்பிடுவதில் போய்விடும்.

சமையலறை என்று போட்டிருப்பதையும் நம்பிவிடக் கூடாது. இரண்டு மின் அடுப்பு, ஒரு வாணலி, நான்கு தட்டு, ஒரு ரைஸ் குக்கர் இருந்தாலே அவர்கள் கணக்கில் அது முழுச் சமையலறை. மிக்ஸி இருக்காது, தோசைக்கல் இருக்காது. என்னென்ன பாத்திரம் இருக்கிறது என்று படம் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிருந்து பொடிவகை, புளிக்காய்ச்சல், அப்பளம் எடுத்துப்போகலாம். காசிமேட்டுக் கருவாட்டைக் கொஞ்சம் யோசியுங்கள்: மீன், இறைச்சி, விதைகள் போன்றவற்றைப் பல நாடுகள் தடுக்கின்றன அல்லது அறிவிக்கச் சொல்கின்றன. கசகசாவைக் கண்டிப்பாக எடுக்க வேண்டாம். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. குருமாவுக்கென்று வீட்டில் அரைத்துவைத்த மசாலாப்பொடியில் கசகசா இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தை வரி வரியாகப் படித்தால் நிறையத் தெரியும். 'கடற்கரைக்குப் பத்து நிமிடம்' என்பது பெரும்பாலும் ஸ்கூட்டர் கணக்கு. பாலியின் சங்கு (Canggu), செமின்யாக் பக்கம் பல வில்லாக்கள் சந்துக்குள் இருக்கின்றன. கார் முனையிலேயே நின்றுவிடும், பெட்டியை உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஸ்கூட்டர் எடுக்கலாம் என்றால், அதற்கு இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். அது இல்லாமல் விழுந்து அடிபட்டால் பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். 'திறந்த கூடம்' என்றால் கூடத்துக்குச் சுவரும் ஏசியும் இல்லை, கொசு உண்டு. பல வில்லாக்களில் குளத்தைச் சுற்றித் தடுப்பு இருக்காது. படுக்கையறைக் கதவைத் திறந்தால் நேரே தண்ணீர். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்த ஒரு காரணமே வேண்டாம் என்று சொல்லப் போதும். 'எட்டுப் பேர்' என்பதில் சோபாவில் படுக்கும் இரண்டு பேரும் சேர்த்தியா என்று கேளுங்கள். விமர்சனங்களில் புதியவற்றிலிருந்து தொடங்கிப் படியுங்கள். பக்கத்தில் கட்டடம் கட்டுகிறார்கள், காலை ஏழு மணிக்கே சுத்தியல் சத்தம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

விமான நேரமும் வில்லா நேரமும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. நள்ளிரவில் சென்னையில் ஏறினால், நான்கு மணி நேரப் பயணமும் இரண்டரை மணி நேர வித்தியாசமும் சேர்ந்து கோலாலம்பூரில் காலை ஏழு மணி வாக்கில் இறங்குவீர்கள். வில்லாவின் சாவி பிற்பகல் இரண்டுக்கோ மூன்றுக்கோதான். தூங்காத எட்டுப் பேர், பெட்டி மூன்று, வெயில். முந்தின இரவையும் சேர்த்துப் பதிவு செய்யலாம், செலவு அதிகம். சீக்கிரம் வரலாமா என்று முன்பே எழுதிக் கேட்கலாம், முந்தின இரவு ஆளில்லை என்றால் சிலர் சும்மாவே விடுவார்கள். எதுவும் நடக்காவிட்டால் பெட்டியையாவது வைக்க இடம் கேளுங்கள். முதல் நாளுக்கு எந்த நுழைவுச் சீட்டும் முன்பதிவு செய்யாதீர்கள்.

ஏமாற்று வேலைகள் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். தளத்தில் பார்த்த வில்லாவின் 'உரிமையாளர்' வாட்ஸ்அப்பில் வந்து, நேரே என் கணக்குக்கு அனுப்பினால் 20 சதவீதம் தள்ளுபடி என்பார். தளத்துக்கு வெளியே பணம் போனால் தளம் பொறுப்பேற்காது. படத்தைக் கூகுளில் ஏற்றித் தேடினால், அதே குளம் வேறு நாட்டில் வேறு பெயரில் இருப்பது தெரியவரும். தாய்லாந்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு ஓட்டல் சட்டப்படி, அடுக்குமாடி வீடுகளை உரிமமில்லாமல் 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். அப்படியும் பலர் விடுகிறார்கள். காவலாளியிடம் 'நண்பர் வீட்டுக்கு வந்திருக்கிறோம்' என்று சொல்லச் சொன்னால் சுதாரித்துக்கொள்ளுங்கள்.

இலவசமாக ரத்து செய்யும் கெடு அந்த ஊர் நேரப்படி ஓடும். பாலியில் நள்ளிரவு என்றால் இங்கே இரவு ஒன்பதரைதான்.

எந்த மாதம், எந்த ஊர்

நம் பள்ளி விடுமுறையை வைத்துத்தான் நாம் போகிறோம், ஆனால் மழை நம் பள்ளிக்கூடத்தைக் கேட்டு வருவதில்லை. மே மாதம் பாலிக்கு நல்ல மாதம். அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. அதே மே மாதத்தில் புக்கெட்டில் மழைக்காலம் தொடங்கிவிடும். வில்லா மலிவாகக் கிடைப்பதும் கடலில் சிவப்புக் கொடி பறப்பதும் அதனால்தான். தாய்லாந்தின் கிழக்குப் பக்கம் இருக்கும் கோ சமுய் தீவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. இலங்கையில் டிசம்பர் முதல் மார்ச் வரை காலி, பெந்தோட்டை ஊர்கள் பக்கம் நன்றாக இருக்கும். கோடை விடுமுறைக்குத் திருகோணமலைப் பக்கம்தான் சரி. மார்ச் மாதம் பாலி போகிறவர்கள், அங்குள்ள இந்துக்களின் மௌன நாளான ஞேப்பி எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும், வில்லாவைவிட்டு வெளியே தெருவில் கால் வைக்க முடியாது.

நம் ஊர் மழையும் இருக்கிறது. 2015 டிசம்பரில் மீனம்பாக்கம் விமான நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் என்று மறுபடியும் மூடினார்கள். நவம்பர், டிசம்பர் பயணத்துக்குக் காப்பீடு எடுப்பதும், கடைசி நேர விமானத்தைத் தவிர்ப்பதும் வடசென்னைக்காரருக்கு இன்னும் அவசியம். விமானம் கிளம்பினாலும், வியாசர்பாடி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் நாம் கிளம்ப முடியாது.

ஒரு காலத்தில் மலேசியாவுக்குப் போக நம் பக்கத்திலேயே துறைமுகம் இருந்தது, எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்த பிறகு அந்தக் கதை முடிந்தது. இப்போது ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தது பெரிய உபகாரம். ஒரே ரயில், மாறாமல் விமான நிலையம் வரை, கட்டணம் 50 ரூபாய்க்குள். ஆனால் இரவு 11 மணிவாக்கில் மெட்ரோ நின்றுவிடும். போகும்போது சரியாக இருக்கும். வரும்போது பத்தே முக்காலுக்கு இறங்கும் விமானத்தை எடுத்தால், பெட்டி வந்து சேர்வதற்குள் கடைசி ரயில் போயிருக்கும். எண்ணூருக்கோ மணலிக்கோ நள்ளிரவு டாக்சிக் காசையும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பாருங்கள். காலையில் இறங்கும் விமானம் ஐந்நூறு ரூபாய் அதிகமானாலும் மலிவாக முடியலாம்.

கார்டு, வரி, கடைசியில் காகிதம்

வங்கிகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கும், அந்தத் தொகைக்கு ஜிஎஸ்டியும் உண்டு. வெளிநாட்டுக் கடையில் கார்டைத் தேய்க்கும்போது 'ரூபாயில் கட்டலாமா' என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையை அவர்களே வைத்துக்கொள்வார்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். கிளம்புமுன் வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும்.

விமானம், தங்குமிடம் இரண்டையும் சேர்த்து ஒரே பேக்கேஜாக இங்குள்ள நிறுவனத்திடம் வாங்கினால், டிசிஎஸ் என்று ஒரு வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. டிக்கெட் மட்டும் தனியாகவோ, ஓட்டல் மட்டும் தனியாகவோ வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது என்று வருமான வரித்துறை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிடித்த பணம் காணாமல் போவதில்லை, பான் எண்ணில் பதிவாகும். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வாங்கலாம். ஆனால் யார் பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். வருமான வரி தாக்கலே செய்யாத அப்பா பெயரில் பில் போட்டால், அதைத் திரும்ப வாங்க அவர் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டிவரும்.

பதிவு செய்யும் வரிசை என்று கேட்டால், முதலில் பாஸ்போர்ட்டும் விசா விதியும், பிறகு இலவசமாக ரத்து செய்யக்கூடிய வில்லா, அப்புறம்தான் டிக்கெட். டிக்கெட் மலிவாகக் கிடைத்ததே என்று முதலில் வாங்கிவிட்டால், அந்தத் தேதிகளில் வில்லா என்ன விலை சொன்னாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விசா இல்லாமல் போகக்கூடிய நாடுகளிலும் இப்போது மின் வருகை அட்டை நிரப்பச் சொல்கிறார்கள். மலேசியாவில் எம்டிஏசி, தாய்லாந்தில் 2025 மே முதல் டிடிஏசி. இரண்டும் இலவசம். கூகுளில் முதலில் வரும் ஏதோ ஒரு தளம் இதற்குப் பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. பாலிக்கு, வந்திறங்கி வாங்கும் விசாவுக்கு 5 லட்சம் ருபியா. அதுபோக 2024 பிப்ரவரியிலிருந்து தலைக்கு ஒன்றரை லட்சம் ருபியா சுற்றுலாக் கட்டணம். எட்டுப் பேர் என்றால் இதுவே ஒரு இரவு வில்லா வாடகையைத் தாண்டிவிடும்.

வீட்டில் பத்தாம் வகுப்பு முடிக்காதவர் யாராவது இருந்தால் அவருடைய பாஸ்போர்ட், சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி தேவைப்படும் ஈசிஆர் வகையாக இருக்கலாம். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றும் ஈசிஆர் நாடுகள் பட்டியலில் இருக்கின்றன. சுற்றுலாவுக்குத் தடை இல்லை. ஆனால் வேலைக்குப் போகிறாரோ என்ற சந்தேகத்தில் சென்னைக் குடியேற்ற அதிகாரி கேள்வி கேட்பார். திரும்பிவரும் டிக்கெட், காப்பீடு, வில்லா பதிவு மூன்றையும் காகிதத்தில் அச்செடுத்து அந்தப் பாஸ்போர்ட்காரர் கையிலேயே கொடுத்துவையுங்கள். வில்லா பதிவு பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர் பெயரில் மட்டும்தான் இருக்கும். தங்குகிறவர்கள் எல்லோருடைய பெயரையும் சேர்த்து ஒரு உறுதிக் கடிதம் அனுப்பச் சொல்லி உரிமையாளருக்கு முன்பே எழுதுங்கள். அதில் முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். அங்கே இறங்கியதும் டாக்சிக்காரருக்கும் அதைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.